வீட்டுத் தையல்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் வீட்டு முன்அறையில், ஜன்னலை ஒட்டி ஒரு கால் மெஷின் இருக்கிறது. கல்யாணமாகி வந்த வருடம் அம்மா வாங்கிக் கொடுத்தது. 26 வருடமாக ஓடுகிறது. தையல் என் தொழில் இல்லை, கூலிக்குத் தைத்ததும் இல்லை. வீட்டுக்கு, பிள்ளைகளுக்கு, சிநேகிதிகளுக்கு என்று தைத்துக்கொண்டே இருக்கிறேன். புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் மாடிப்படியிலும் கல்யாண மண்டபத்திலும் நிறுத்திக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தையலே தெரியாது. எதில் தொடங்கலாம்?

கைலி மூட்டுவதில் தொடங்குங்கள். இரண்டு மீட்டர் கைலியின் இரண்டு ஓரங்களையும் சேர்த்து ஒரே ஒரு நேர்தையல் போட்டால் முடிந்தது. வளைவு இல்லை, அளவு இல்லை, பொத்தான் இல்லை. முக்கியமான விஷயம், அன்று ராத்திரியே அதை வீட்டில் ஒருவர் உடுத்திக்கொள்வார். நான் முதலில் மூட்டியது மாமனாரின் கைலி. தையல் பாம்பு மாதிரி நெளிந்திருந்தது. அவர் அதைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் "மருமக தச்சது" என்று சொன்னார். அதற்குப் பிறகு நான் எப்படி விட்டுவிடுவேன்?

அதற்கும் முன்னால் ஒரு பயிற்சி உண்டு. மெஷினில் நூல் கோர்க்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்துக் கோட்டின் மேலேயே ஓட்டிப் பழகுங்கள். தாள் ஊசியை மழுங்கடிக்கும், அதனால் இதற்குப் பழைய ஊசியே போதும். கால் மெஷினில் புதிதாக உட்காருபவர்களுக்குச் சக்கரம் பின்பக்கமாகச் சுழன்றுவிடும், நூல் அறும். சக்கரத்தைக் கையால் நம் பக்கமாக ஒரு சுழற்று சுழற்றிவிட்டுக் காலை அழுத்தினால் சரியாகப் போகும். இரண்டு நாளில் கால் தானாகப் பழகிவிடும்.

கைலிக்கு அடுத்து தலையணை உறை, அதற்கடுத்து மஞ்சப்பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது, எங்கள் தெருவில் மெஷின் இருந்த வீடுகளில் எல்லாம் பழைய வேட்டியும் திரைச்சீலையும் பையாக மாறின. பையில் கைப்பிடி சேரும் இடத்தில் ஒரு சதுரமும் அதற்குள் ஒரு பெருக்கல் குறியும் தையுங்கள். ஐந்து கிலோ அரிசி வைத்தாலும் பிய்யாது.

எந்த மெஷின் வாங்குவது?

வீட்டுத் தேவைக்குக் கால் மெஷினே போதும் என்பது என் கருத்து. மின்சாரம் போனாலும் ஓடும், பிள்ளைகள் பழகுவதற்கும் வேகம் கட்டுக்குள் இருக்கும். மோட்டார் பிறகு மாட்டிக்கொள்ளலாம். கடைக்காரர்கள் வைத்திருக்கும் அம்பர்லா மெஷின் பலமானதுதான், ஆனால் சத்தமும் எடையும் அதிகம், வீட்டுக்கு வேண்டியதில்லை. காஜா, அதாவது பொத்தான் துளை போடவும் ஓரம் பிரியாமல் அடிக்கவும் ஆசை இருந்தால் ஜிக்ஜாக் மெஷின் பார்க்கலாம்.

பழைய மெஷின் வாங்கத் தயங்க வேண்டாம். வாங்கும்முன் மூன்று காரியம் செய்யுங்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், எங்கும் சிக்கக் கூடாது. இரண்டு மடிப்புக் காட்டன் துணியில் ஒரு முழ நீளத்துக்குத் தைத்து, மேல்பக்கம் கீழ்ப்பக்கம் இரண்டையும் பாருங்கள். அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடான பாபின் கேஸை வெளியே எடுத்துத் துரு இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட், ஊசி, பாபின் எல்லாம் மாற்றிக்கொள்ளக் கூடியவை, அவற்றுக்காக ஒரு நல்ல மெஷினை ஒதுக்காதீர்கள்.

மெஷினைப் பற்றி எனக்குப் பிடித்த ஒரு சேதி. 1924-ல் ராமச்சந்திரன் என்ற இளைஞர், நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா என்று காந்தியிடம் கேட்டார். பிற்பாடு 1947-ல் தன் மனைவி சௌந்திரம் அம்மாவோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர் இவர்தான். காந்தி தன் பதிலில் சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தைத்து ஓய்ந்துபோவதைப் பார்த்த சிங்கர், அவள் மேல் உள்ள அன்பினால் இதைச் செய்தார் என்பது காந்தி சொன்ன காரணம். அன்பு வைத்திருக்கும் ஆட்களுக்காக மெஷின் முன் உட்காருகிற எனக்கு அந்தப் பதில் சொந்தப் பதில் போலவே இருக்கிறது.

நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. மெஷினை ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டுமா?

பத்தில் எட்டுத் தடவை வேண்டாம். முதலில் துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் புட்டைத் தூக்கி வைத்துவிட்டு மேல்நூலை முழுதாக உருவி, திரும்பக் கோர்த்துவிடுங்கள். புட் கீழே இருந்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகியிருக்கும், நூல் இடையில் உட்காராது. ஊசியில் நீளமான பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்துதான் நூல் நுழைய வேண்டும். ஊசி வளைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். காட்டனுக்கு 14-ஆம் நம்பர் ஊசி, பட்டுக்கும் மெல்லிய துணிக்கும் 11, ஜீன்ஸ் மாதிரித் தடித்த துணிக்கு 16 அல்லது 18.

துணியின் அடிப்பக்கம் நூல் கொசகொசவென்று சுருண்டால் எல்லாரும் பாபினைத் திட்டுவார்கள். அது பெரும்பாலும் மேல்நூலின் தளர்ச்சி. பிறகு, பாபின் இருக்கும் இடத்திலும், துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியிலும் சேரும் பஞ்சை வாரம் ஒருமுறை பழைய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். எண்ணெய் விட்டால் உடனே நல்ல துணியை வைக்காதீர்கள். வெட்டுத்துணியில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள்.

அளவு எப்படி எடுப்பது? அளவு ஜாக்கெட் வாங்கித் தைத்தால் போதாதா?

போதும். கடையில் எல்லாம் அப்படித்தான் நடக்கிறது. ஆனாலும் வீட்டு ஆட்களுக்கு நான் டேப்பை எடுத்து உடம்பிலேயே அளவெடுக்கிறேன். அதற்கு என்னிடம் ஒரு காரணம் உண்டு.

எங்கள் வீட்டில் கட்டிப்பிடிக்கிற பழக்கம் கிடையாது. அப்பாவை நான் விவரம் தெரிந்த பிறகு தொட்டது, ஊருக்குப் போகும்போது காலில் விழுந்து கும்பிடும் வேளையில் மட்டும்தான். ஒருமுறை அவருக்கு வீட்டில் போட்டுக்கொள்ளச் சட்டை தைக்கலாம் என்று தோள்பட்டைக்குக் குறுக்கே டேப்பை வைத்தேன். பதினேழே கால் இஞ்சு. என்னைத் தூக்கிக்கொண்டு சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்குவதைக் காட்டிய தோள் அது. "மூச்சை இழுத்துக்காதீங்கப்பா, சும்மா நில்லுங்க" என்றேன். சின்னப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அடுத்த வருடம் அதே மாதிரிச் சட்டைக்கு அளவெடுத்தபோது மார்பில் இரண்டு இஞ்சு குறைந்திருந்தது. யாரும் அதுவரை கவனிக்கவில்லை. அதன் பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப்போனோம். சர்க்கரை இருந்தது.

ஆகவே ஒரு அளவு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். ஆளுக்கு நாலு பக்கம். உயரம், மார்பு, இடுப்பு, தோள்பட்டை, கைக்குழி, கை நீளம், கை லூஸ், முன்கழுத்து, பின்கழுத்து. கட்டாயம் தேதி போடுங்கள். டேப்புக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற இடம் விட்டுப் பிடியுங்கள். துணி டேப் நாளாக நாளாக இழுபட்டு நீண்டுவிடும். ஸ்டீல் ஸ்கேலோடு வைத்து அவ்வப்போது சரிபாருங்கள்.

என் நோட்டில் மகள் மூன்று வயதில் தொடங்கி இன்றுவரை இருக்கிறாள். மாமியாரின் கடைசி அளவும் இருக்கிறது.

ஜாக்கெட் எப்போது தைக்கத் தொடங்கலாம்?

அவசரம் வேண்டாம். உள்பாவாடை, நைட்டி, பிள்ளைகளின் கவுன் என்று ஆறு மாதம் போகட்டும். தொடங்கும்போது லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். நனைக்காத லைனிங் முதல் சலவையிலேயே சுருங்கி ஜாக்கெட்டை இழுத்துப் பிடிக்கும். சேலையின் அடியோரத்தில் உள்பக்கம் வைத்துத் தைக்கும் பட்டையான பால்ஸுக்கும் இதே விதிதான். சைடில் மூன்று வரிசைத் தையல் போடுங்கள், உள்ளே ஒன்றரை இஞ்சு துணி விடுங்கள். பிள்ளை பெற்றபிறகு ஒரு வரி பிரித்தால் போட்டுக்கொள்ளலாம்.

பட்டுப்பாவாடை ஒரே வருடத்தில் சின்னதாகிவிடுகிறதே?

நம் பாட்டிகள் இதற்கு வழி கண்டுவைத்திருக்கிறார்கள். பாவாடை தைக்கும்போதே துணியை நீளமாக விட்டு, ஜரிகைக் கரைக்கு மேலே குறுக்காக மடித்துத் தைத்து டக் பிடித்துவிடுவது. ஒரு இஞ்சு டக் இரண்டு இஞ்சுத் துணியை உள்ளே வைத்துக்கொள்ளும். மூன்று டக் வைத்தால் ஆறு இஞ்சு கையிருப்பு. பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். டக் தையலை மட்டும் பெரிய பெரிய தையலாகப் போடுங்கள், பிரிக்கச் சுலபம். பட்டில் ஊசிக்குத்து தெரியும் என்பதால் 11-ஆம் நம்பர் ஊசிதான். பிரித்த இடத்தின் மடிப்புத் தடம் மேல், மெல்லிய பருத்தித் துணியைப் போர்த்தி இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டால் தடம் குறையும். முழுக்கப் போகாது.

போக வேண்டாம் என்றும் எனக்குத் தோன்றும். என் மகளின் அரக்குப் பாவாடையில் மூன்று தடம் இருந்தது. முதலாவது காதுகுத்துக்குப் பிரித்தது, அடுத்தது சித்தி கல்யாணத்துக்கு, மூன்றாவது ஒரு தீபாவளிக்கு. தீபாவளிக்கு முந்தைய ராத்திரி பதினோரு மணிக்கு நான் டக் பிரிக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து உதிர்ந்த நூலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தீப்பெட்டியை இன்னும் வைத்திருக்கிறாள்.

சொந்தக்காரர்கள் எல்லாம் இலவசமாகத் தைத்துக் கேட்கிறார்கள். எப்படி மறுப்பது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. "நீதான் தைப்பியே, சும்மா ஒரு ஜாக்கெட்தானே" என்பார்கள். சும்மா ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு எனக்கு நாலு மணி நேரம் ஆகும். ஒருகாலத்தில் யாருக்கும் முகத்தை முறிக்க மாட்டாமல் வாங்கி வாங்கி வைத்தேன். ஒரு ஆவணி மாத முகூர்த்த சமயத்தில் பீரோவில் பதினொரு ஜாக்கெட் துணி சேர்ந்துபோனது. மெஷினைப் பார்த்தாலே வெறுப்பு வந்தது. ஆசையாகச் செய்கிற காரியம் கடனாக மாறிவிட்டால் அப்புறம் அதில் உட்காரவே பிடிக்காது.

இப்போது எனக்கு ஒரு கணக்கு உண்டு. பிறந்த குழந்தைக்கு, காதுகுத்துக்கு, புதுமனை புகுவிழாவுக்கு நானாகவே தைத்துக் கொடுப்பேன். யாரும் கேட்க வேண்டாம். கல்யாண ஜாக்கெட் தைக்க மாட்டேன். "அதுக்கு நல்ல டெய்லர் இருக்கார்மா, அவர் பிழைப்பும் நடக்கணும்ல" என்று நேராகச் சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டவர்கள் இருவர். இருவருமே பேரப்பிள்ளைக்குத் தைத்த சட்டையோடு நான் போய் நின்றபோது பேசிவிட்டார்கள்.

தைக்கவே தெரியாதவர்களிடம் இன்னொன்று சொல்வேன்: "துணியை எடுத்துக்கிட்டு சனிக்கிழமை வாங்க அத்தை. நான் மெஷின்ல அடிக்கிறேன், நீங்க ஹூக் கட்டுங்க." பாதிப் பேர் வர மாட்டார்கள். வந்தவர்கள் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் என்னதான் செய்கிறீர்கள்?

நாலு பேர். எதிர்வீட்டு அக்கா, என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், மாடியில் குடியிருக்கும் பெண், நான். சாப்பாட்டுக் கடை முடிந்து மூன்று மணிக்கு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம் வரை. மெஷின் ஒன்றுதான், ஆனால் தையலில் மெஷின் வேலை பாதிகூட இல்லை. ஒருத்தி வெட்டுவாள், ஒருத்தி சேலைக்குப் பால்ஸ் வைத்துக் கையால் ஹெம்மிங் பண்ணுவாள், ஒருத்தி காஜா எடுப்பாள். அக்காவுக்குக் கண் மங்கல், ஊசியில் நூல் கோர்க்க முடியாது. மாடிப் பெண் வந்ததும் முதல் வேலையாக இருபது ஊசியில் நூல் கோர்த்துத் தலையணையில் குத்தி வைத்துவிடுவாள். ஒரு வாரத்துக்கு அது போதும்.

கை வேலையாக இருக்கும்போது பேசுவது வேறு மாதிரி இருக்கிறது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைத் துணியைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடலாம். தன் வீட்டுக்காரருக்கு வேலை போன சேதியை என் சிநேகிதி ஒரு உள்பாவாடைக்கு நாடாப் பட்டி மடித்துக்கொண்டேதான் சொன்னாள். நாங்கள் யாரும் நிமிரவில்லை. கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். அன்று அவள் போகும்வரை யாரும் விளக்கைக்கூடப் போடவில்லை.

துணி, லைனிங், நூல்கண்டு வாங்குவதும் சேர்ந்தேதான். முன்பெல்லாம் மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபத்துக்குப் போவோம். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். சிற்பத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடும். சித்திரைத் திருவிழா நெருங்கினால் கள்ளழகர் வேடமிடுவோருக்கான உடை அங்கே மலையாகக் குவியும். வெல்வெட்டில் ஜிகினா வைத்துத் தைக்கும் வேகத்தைப் பார்க்கவே நின்றுவிடுவோம். இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. மண்டபத்தைக் காக்க வேண்டியதுதான், ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சத்தம் மட்டும் இன்னும் காதில் கேட்கிறது.

பையனுக்குத் தையல் சொல்லித்தரலாமா?

புதுமண்டபத்தில் நான் பார்த்த டெய்லர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தொழில் என்றால் ஆணுக்குப் பொருந்துகிறது, வீட்டில் என்றால் பொருந்தாதா? ஏழு வயதில் பொத்தான் வைக்கச் சொல்லிக்கொடுங்கள். என் மகன் விடுதியில் தங்கிப் படித்தபோது ஊசியும் நூலும் வைத்திருந்த ஒரே பையன் அவன்தான். சட்டைப் பொத்தான் அறுந்தவர்கள் எல்லாம் அவன் அறைக்கு வந்ததில்தான் அவனுக்கு நண்பர்கள் கிடைத்தார்கள்.

வகுப்புக்குப் போக வேண்டுமா?

போனால் நல்லது. வெட்டுவதை ஒருவர் பக்கத்தில் நின்று காட்டினால் சீக்கிரம் பிடிபடும். சான்றிதழ் வேண்டுமென்றால் தையலுக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வு இருக்கிறது, கீழ்நிலை மேல்நிலை என்று. பொழுதுபோக்குக்கு அது அவசியமில்லை.

நல்ல துணியைக் கெடுத்துவிட்டால்?

நாத்தனாரின் ஜாக்கெட்டுக்குப் பின்கழுத்தை ஒன்பது இஞ்சு வெட்ட வேண்டிய இடத்தில் பதினொன்று வெட்டிவிட்டேன். துணி வேறு சேலையோடு வந்தது, கடையில் கிடைக்காது. ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். "அதுக்கென்ன அண்ணி, கரைத்துணி மிச்சம் இருக்குல்ல" என்றாள். கரையைப் பட்டையாக வெட்டிக் கழுத்தைச் சுற்றி வைத்து, பைப்பிங் கொடுத்து மூடினேன். அதைப் பார்த்து இன்னொருத்தி அதே மாதிரி வேண்டும் என்று கேட்டாள். மறைக்காமல் அன்றே சொல்லிவிடுங்கள். கழுத்தையும் கைக்குழியையும் எப்போதும் அரை இஞ்சு குறைத்தே வெட்டுங்கள், போட்டுப் பார்த்துப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

இறந்துபோன அம்மாவின் சேலையை வெட்டலாமா?

என்னிடம் இதைத் தாழ்ந்த குரலில்தான் கேட்பார்கள். சரி தவறு என்று நான் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா கட்டியது பெரும்பாலும் சுங்குடி. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய, புள்ளி புள்ளியான மதுரைச் சேலை. அம்மா போய் இரண்டு வருடம் ஒரு கத்தரிப்பூ நிறச் சுங்குடி என் பீரோவிலேயே இருந்தது. திறந்து மோந்து பார்ப்பேன், மூடிவிடுவேன். அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்தபோது தூளிக்குப் பருத்திச் சேலை வேண்டும் என்றார்கள். பழைய பருத்திதான் தூளிக்கு ஏற்றது, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகியிருக்கும், குழந்தைக்கு உறுத்தாது. அந்தச் சேலையை எடுத்தேன். தூளிக்கு வெட்ட வேண்டியதில்லை என்பதே முதலில் தைரியம் கொடுத்தது. ஆறு மாதம் அம்மாவின் சேலையில் அவள் கொள்ளுப்பேரன் தூங்கினான். அதன் பிறகு அக்காவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து வெட்டினோம். ஆளுக்கு ஒரு தலையணை உறை, குழந்தைக்கு ஒரு விரிப்பு. முந்தானையை மட்டும் வெட்டவில்லை.

நீங்கள் செய்வதானால் இதைக் கவனியுங்கள். முதலில் சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், இழை நைந்த இடம் தெரியும். பட்டு என்றால் வருடக்கணக்கில் மடித்து வைத்த மடிப்பிலேயே விட்டிருக்கும், அங்கே தையல் போடக் கூடாது. நைந்த துணிக்கு அடியில் புது மல் துணி வைத்து ஓட்டுத்தையலில் சேர்த்துவிட்டால் இன்னும் சில வருடம் நிற்கும். இடுப்பில் சொருகுகிற உள்தலைப்பிலிருந்து வெட்டத் தொடங்குங்கள், மனசு அவ்வளவு வலிக்காது. தனியாக வெட்டாதீர்கள். அதே ஆளை இழந்த இன்னொருவர் கூட இருக்கட்டும்.

மிச்சமாகும் வெட்டுத்துணியை என்ன செய்வது?

உள்ளங்கையைவிடப் பெரியதை ஒட்டுப்போர்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சின்னதை எல்லாம் தலையணைக்குள் அடைத்துவிடலாம், கொஞ்சம் கனக்கும். பொம்மைக்குப் பாவாடை தைக்க எட்டு வயதுப் பிள்ளை யாராவது கேட்டால் மொத்தப் பையையும் கொடுத்துவிடுங்கள்.

விளக்கு வைத்த பிறகு ஊசி கொடுக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை தைக்கக் கூடாது என்கிறார்களே?

மாமியார் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் ஊசி தவறி விழுந்தால் பிள்ளைகள் காலில் ஏறும் என்று அதற்கு நான் பொருள் செய்துகொண்டேன். வெள்ளிக்கிழமை தைக்கிறேன். உடுத்தியிருக்கும் துணியை உடம்பிலேயே வைத்துத் தைக்க மட்டும் இன்றும் கை வருவதில்லை.

ஒரு வழக்கத்தை விடவே மாட்டேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மெஷினைப் பிரித்துப் பஞ்செடுத்து, எண்ணெய் விட்டு, பெல்ட்டைக் கழற்றி வைத்துவிடுவேன். பூஜையன்று மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கத்தரியையும் டேப்பையும் அளவு நோட்டையும் பக்கத்தில் வைத்துக் கும்பிடுவோம். அன்று மெஷின் ஓடக் கூடாது. மறுநாள் விஜயதசமி, யாராவது புதிதாக ஒருவர் வந்து முதல் தையல் போட வேண்டும். போன வருடம் மாடிப் பெண்ணின் மகன் போட்டான், ஆறு வயது. கால் எட்டாததால் நான் மிதித்தேன், அவன் துணியைப் பிடித்துக்கொண்டான். ஒரு கைக்குட்டை அளவு துணி, நாலு விரற்கடை நீளத்துக்குச் சிவப்பு நூலில் ஒரு கோணல் தையல். அளவு நோட்டில் அவனுக்கு என்று ஒதுக்கிய பக்கத்தில் ஊசிகுத்தி வைத்திருக்கிறேன்.